நான் மடித்த ஏர் பில்டர்

லாரிக்கு எந்த ஏர் பில்டர் போட்டால் டீசல் மிச்சமாகும் என்று கேட்டுக்கொண்டு போன வாரம் பெரியப்பாவின் பேரன் விருதுநகரில் என் வீட்டுக்கு வந்திருந்தான். நான் அரசுப் பேருந்துகளுக்கு உதிரிபாகம் வாங்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு திருகாணி வாங்குவதற்கும் மூன்று விலைப்புள்ளி, ஓர் ஒப்பீட்டுப் பட்டியல், ஆறு கையெழுத்து என்று வாழ்ந்தவள். அதனால் எங்கள் உறவில் யாருடைய வண்டி பழுதானாலும் என் வீட்டுக்கு ஆள் நேரில் வந்துவிடும். கல்யாணம் என்றால் மட்டும் பத்திரிகை தபாலில் வரும்.

"டேங்க்ல சென்சார் வச்சுட்டேன் அத்தை. ஜிபிஎஸ் மாட்டிட்டேன். டிரைவரையும் மாத்திட்டேன். அப்பவும் மைலேஜ் வர மாட்டேங்குது. அதான், பில்டரப் பாப்போமான்னு ஒரு யோசனை" என்றான்.

இந்த வரிசையை நான் கவனித்தேன். பில்டரைக் கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். எங்கள் குடும்பத்தில் முதலில் டிரைவரைக் கழற்றுவதுதான் வழக்கம்.

அவனுக்குத் தெரிய வேண்டியதைச் சொன்னேன். எந்த பில்டரும் டீசலை மிச்சம் பிடித்துத் தராது. அடைத்துப்போன பில்டர் தின்கிற டீசலைத்தான் நல்ல பில்டர் திருப்பித் தரும். வண்டிக் கம்பெனி சொன்ன அளவில் வாங்கு. ரப்பர் விளிம்பு சுற்றிலும் இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா என்று பார். காற்றுக்குழாயில் இருக்கும் குறிகாட்டியில் சிவப்புத் தெரிந்தால் மாற்று. டயரில் தட்டித் தூசி உதறி மறுபடியும் மாட்டாதே. அவன் எல்லாவற்றையும் கைபேசியில் குறித்துக்கொண்டான்.

"நீ மாத்தின டிரைவர் இப்ப எங்க இருக்காரு?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு அத்தை?" என்றான். அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

பழைய சங்கதி ஒன்று. எனக்கு அப்போது பத்து வயது. சிவகாசியில் பெரியப்பா காலண்டர் அச்சகம் நடத்தினார். சரக்கு அனுப்ப ஒரு லாரியும் வைத்திருந்தார். லாரியை ஓட்டியவர் அவருடைய தம்பியான என் அப்பா. லாரியின் நெற்றியில் அண்ணன் தம்பி இருவர் பெயரும் வண்ணத்தில் எழுதியிருந்தது. பதிவுப் புத்தகத்தில் ஒருவர் பெயர்தான் இருந்தது. எது செல்லுபடியாகும் என்று பிற்காலத்தில் எனக்குப் பாடமே எடுக்கத் தெரிந்தது. அன்று நான் நெற்றியைத்தான் வாசித்தேன்.

பழைய லாரியில் காற்றின் தூசியைப் பிடிக்க ஒரு எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். புதிதாக வாங்கிய லாரியில் அதற்குப் பதில் உருளை வடிவில் ஒரு பில்டர் இருந்தது. அதை முதன்முறை மாற்ற வேண்டி வந்தபோது அப்பா பழையதைக் கொண்டுவந்து காட்டினார். பெரியப்பா அதைக் கத்தியால் கிழித்துப் பார்த்துவிட்டு அச்சகமே அதிரச் சிரித்தார்.

"ஏலே, இது காகிதம்லே! சிவகாசிக்காரன் மதுரைக்குப் போயி காகிதம் வாங்குறதா? ஊரு சிரிக்காது?"

நியாயமான கேள்விதான். வீட்டுக்கு வீடு காகிதம் மடிக்கிற, ஒட்டுகிற, சுருட்டுகிற ஊர் அது. வெடிக்குழாய் சுற்றும் பழுப்புக் காகிதத்தில் ஒரு கட்டு வந்தது. எலி கடிக்காதிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசை வந்தது. மடிக்க ஆள் வேண்டும். விடுமுறை நாள்களில் அச்சகத்தில் காலண்டர் தாள் மடித்து நல்ல பெயர் வாங்கியிருந்த என்னைக் கூப்பிட்டார். அடிஸ்கேல் வைத்து நுணுக்கமாக மடித்து, பழைய கம்பி வலைக்கூட்டைச் சுற்றி ஒட்டினேன். அடியில் பென்சிலால் என் பெயரையும் எழுதினேன்.

"நம்ம வீட்டு இஞ்சினியரு!" என்று பெரியப்பா அதை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார்.

அப்பா அதை வாங்கி, காகிதத்தில் வாயை வைத்து ஊதிப் பார்த்தார். "காத்தே போகலையேண்ணே."

"காத்து போனா தூசியும் போகும்லே. அடைச்சு இருந்தாத்தான் அது பில்டரு."

இதை மறுக்கும் வயது அங்கே யாருக்கும் இல்லை. பெரியப்பாதான் மூத்தவர்.

என் பில்டர் லாரியில் ஏறியது. மதுரை போகும் வழியில் ஆமத்தூர் தாண்டுவதற்குள் லாரி கரும்புகை கக்கியது. காற்றில்லாமல் டீசல் முழுதாக எரியாது. எரியாத டீசல்தான் அந்தப் புகை. லாரி ஓடியதே என் பசை சில இடங்களில் விட்டுப்போயிருந்ததால்தான் என்று இன்று எனக்குத் தெரியும். அந்த ஓட்டைகள் வழியாகத்தான் அது மூச்சுவிட்டிருக்கிறது. அன்று இதெல்லாம் தெரியாததால், அடுத்த பில்டரை இரண்டு தடவை பசை தடவி, கண்ணில் பட்ட ஓட்டையை எல்லாம் அடைத்து ஒட்டினேன். டீசல் செலவு இன்னும் கூடியது.

ஒவ்வொரு நடை முடிந்ததும் பெரியப்பா டேங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பார். வரவர நனைவு அடியிலேயே நின்றுவிட்டது.

"வண்டி குடிக்குதா, இல்ல நீ வழியில யாருக்கும் ஊத்திக் குடுக்கியாலே?" என்று ஒருநாள் அச்சகத்துப் பெண்கள் முன்னால் கேட்டார்.

"வண்டிக்கு மூச்சு முட்டுதுண்ணே. அந்தக் காகிதம்தான்..."

"காகிதத்தப் பத்தி எனக்கே பாடமா? காகிதம் எங்கயாச்சும் டீசல் குடிக்குமாலே?"

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காகிதம் டீசல் குடிப்பதை நினைத்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

அந்த மாதம் அப்பாவிடம் இன்னொரு வேடிக்கையையும் கண்டேன். மதுரை நடை போய்த் திரும்பினால், கைகூடக் கழுவாமல் சாப்பிட உட்காருவார். மூன்று முறை சோறு வாங்குவார். ரசத்தைக் கையில் ஏந்திக் குடிப்பார்.

"மதுரையில அரிசிப் பஞ்சமா? போன எடத்துல சாப்பிட்டீகளா இல்லையா?" என்று அம்மா கேட்பாள்.

"உன் கைச் சோறு மாதிரி வருமா?" என்பார். அம்மாவுக்கு வெட்கமும் பெருமையுமாக இருக்கும். நான் அப்பாவின் கவளங்களை எண்ணி, தெருவில் போய்ச் சொல்வேன்.

ஒரு மத்தியானம் பந்து எடுக்கக் கட்டிலுக்கு அடியில் நுழைந்தபோது, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொதியைக் கண்டேன். பிரித்தால் என் பில்டர். அடியில் என் பெயர். ஓடிப்போய் அப்பாவிடம் கேட்டேன்.

"அது அழுக்காகிடும்னு எடுத்து வச்சிருக்கேன் தாயி. பெரியப்பாட்ட சொல்லிராத" என்றார்.

அழுக்காவதற்குத்தானே பில்டர் செய்தோம்? அப்பா என் வேலையைத் தூக்கி எறிந்துவிட்டார் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. மறுநாள் பெரியப்பாவைப் பார்க்க அச்சகத்துக்குப் போனேன். அவர் நல்ல மனநிலையில் இருந்தார்.

"நான் சத்தம் போட்டது வேலை செய்யுது பாத்தியா? இந்த ரெண்டு நடையா டீசல் கச்சிதமா நிக்கி" என்று கணக்குப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் நேராகப் போய், "நான் மடிச்ச பில்டர அப்பா கழத்திக் கட்டிலுக்கு அடியில போட்டுட்டாக பெரியப்பா" என்று அழுதேன்.

முற்றத்தில் நின்ற லாரியின் பில்டர் மூடியைத் திறந்தார்கள். உள்ளே மதுரையில் வாங்கிய கம்பெனி பில்டர் புதிதாக இருந்தது. அப்பா மறைக்கவில்லை. ஏறக்குறைய மகிழ்ச்சியாகவே பேசினார்.

"ஆமாண்ணே, நாந்தான் மாத்துனேன். மாத்துன பொறவு டீசல் கொறஞ்சிருக்கா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

"கொறஞ்சிருக்கு. நான் சத்தம் போட்ட பொறவு கொறஞ்சிருக்கு" என்றார் பெரியப்பா. "அது கெடக்கட்டும். கம்பெனி பில்டர் வாங்க உனக்குக் காசு ஏதுலே?"

அப்பா வாயைத் திறந்தார். கணக்குப்பிள்ளையைப் பார்த்தார், மடிப்பு மேசைப் பெண்களைப் பார்த்தார், கடைசியில் கண்ணீரோடு நின்ற என்னைப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

நான் பிற்காலத்தில் எத்தனையோ விசாரணைக் கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். இந்த வழக்கைத் தீர்க்க ஒரு பக்கம் போதும். ஒரே லோடு, ஒரே ரோடு, இரண்டு பில்டர், பில்டருக்கு ஒரு நடை. முடிந்தது விசாரணை. பெரியப்பாவின் விசாரணை அதைவிடச் சீக்கிரம் முடிந்தது. டீசல் விற்ற காசில் பில்டர் வாங்கி, பில்டரின் பேரில் பழியைப் போட்டு, திருட்டை மூடப் பார்த்தான் என்று தீர்ப்பாயிற்று. அப்பா லாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

சொந்த அண்ணனாலேயே திருடன் என்று சொல்லப்பட்டவனிடம் ஊரில் யாரும் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. அதே அச்சகத்தில் காகிதம் வெட்டும் பகுதியில், அதே பெண்கள் முன்னால், அப்பா கடைசிவரை கட்டுத் தூக்கினார்.

லாரிக்கு வேறு டிரைவர் வந்தார். கம்பெனி பில்டரை யாரும் கழற்றவில்லை. காசு கொடுத்து வாங்கிய சாமானை யார் எறிவார்கள்? ஆகவே புது டிரைவரின் கையிலும் டீசல் கச்சிதமாகவே நின்றது. ஊரில் கொஞ்சநஞ்சம் சந்தேகப்பட்டவர்களுக்கும் அது போதுமான அத்தாட்சியாயிற்று.

அப்பா இறந்து பல வருடம் கழித்து அம்மா ஒருநாள் சொன்னாள். நடைக்கு நடை சாப்பாட்டுக்குக் கொடுத்த படிக்காசை அப்பா தொடவே இல்லையாம். மதுரைக் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வண்டி ஓட்டியிருக்கிறார். அந்த மாதம் முழுக்க அப்படிச் சேர்த்துத்தான் அந்த பில்டரை வாங்கினாராம். கூடப்பிறந்தவன் லாரியில் பட்டினி கிடந்தேன் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்ல முடியும் என்று அம்மாவிடம் கேட்டாராம். என் பேரில் பழி வரக்கூடாது என்பதும் ஒரு காரணமா என்று அம்மாவிடம் நான் கேட்கவில்லை. அவள் இல்லை என்று சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்.

சாவியை வைத்த அன்று பெரியப்பா என்னை அருகில் அழைத்து, "இந்த வீட்ல ஒருத்தியாச்சும் உண்மை பேசுதா" என்று தலையைத் தடவி, ஒரு பெட்டி கலர் மத்தாப்பு கொடுத்தார். பொழுது சாய்ந்ததும் எங்கள் வாசலில் ஒவ்வொன்றாகக் கொளுத்தினேன். பச்சை எரியும்போது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு முறைதான் சோறு வாங்கினார். இலையில் அதிலும் பாதி மிஞ்சியது.

அப்பாவின் பேய்ப்பசி தீர்ந்துவிட்டது என்று நினைத்து, அடுத்த மத்தாப்பைக் கொளுத்தினேன்.