மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று

என்ன வேலை செய்கிறேன் என்று கேட்பவர்களிடம், காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். கேட்டவர் மேல் அல்ல; நான் பாதி சொல்வதற்குள் அவருடைய கண் வேறு பக்கம் போய்விடும் என்று தெரிந்திருப்பதால். ஒருமுறை முத்தியால்பேட்டை மார்க்கெட்டில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா விடாமல் கேட்டார். "சாஃப்ட்வேர் கட்டறதுக்கு முன்னாடி படம் போடுவாங்கக்கா. அந்தப் படத்த யாரு பாத்தாலும் ஒரே அர்த்தம்தான் வரணும். அந்த அர்த்தத்தக் கணக்குல எழுதி வெக்கிறேன்" என்றேன். "இதுக்குப் போயி இவ்ளோ படிப்பா?" என்றார். நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்குள் மீன் வந்துவிட்டது.

அன்று அக்காவிடம் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லியாக வேண்டும். என் வாசலில் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. அது ஒரு குறிப்பிட்ட மாடல். அந்த மாடல், ஸ்கூட்டர் என்ற வகையைச் சேர்ந்தது. மூன்று அடுக்கு. நடுவில் இருக்கும் மாடலுக்கு இரட்டை வேலை: மேலே உள்ள வகைக்கு அது ஓர் உதாரணம், கீழே நிற்கும் என் வண்டிக்கு அதுவே வகை. இப்படிப் படம் போடுவதற்கான சாதாரண மொழிகளில் இரண்டு அடுக்கோடு கதை முடிந்துவிடும். நான் வேலை செய்யும் மொழியில் எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் போடலாம். எஞ்சின் அளவு என்ற தகவலை ஸ்கூட்டர் என்ற வகையிலேயே அறிவித்துவிட்டு, "இதற்கான எண்ணை ஓர் அடுக்கு கீழே போய் நிரப்பு" என்று சொல்லலாம். இரண்டு அடுக்கு கீழே என்றும் சொல்லலாம். எந்தத் தகவல் எந்த அடுக்கில் நிரம்ப வேண்டும் என்பதற்கு ஐயத்துக்கு இடமில்லாத விதி வேண்டும். அந்த விதியை எழுதுவதில் நான் ஏழு வருடம் போட்டேன்.

நான் மட்டும் போடவில்லை. கூட ஒருவன் இருந்தான். என் காலேஜ் வகுப்பில் எனக்கு இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்தவன். குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமை. அப்பா அந்த நாட்டுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். இவன் படிப்பு முடிந்ததும் பிரான்சுக்குப் போய் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒட்டிக்கொண்டான். ஒட்டிக்கொண்டான் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஒப்பந்தம் முடியும், யாராவது கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருடம் ஓடும். நிரந்தர வேலைக்குப் போட்டித் தேர்வு உண்டு. அவன் வீட்டில் அதற்குத் தமிழ்ப் பேரே கிடையாது, கோன்கூர்தான். "எம் புள்ளைக்கு கோன்கூர் கெடச்சிட்டா நான் நிம்மதியா கண்ண மூடுவேன்" என்று அவன் அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். ஏதோ நான்தான் கையில் மறைத்து வைத்திருப்பதுபோல.

நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரைதான் அந்தக் கோன்கூருக்கு அவன் முன்வைத்த முதல் சரக்கு. விதிகளை நான் காகிதத்தில் எழுதினேன். ஒரு படம் அந்த விதிகளுக்கு உட்பட்டிருக்கிறதா என்று சோதிக்கும் டூலை அவன் எழுதி, அந்த டூல் தவறு செய்யாது என்பதைக் கம்ப்யூட்டரை வைத்தே நிரூபித்தான். கட்டுரையின் தேற்றம் ஒரு வரிதான்: டூல் 'சரி' என்று சொன்னால், ஒவ்வொரு தகவலும் நிரம்ப வேண்டிய இடத்தில் நிரம்பியிருக்கும், எத்தனை அடுக்கு இருந்தாலும். அந்தக் கடைசி மூன்று சொல்லுக்காகத்தான் பெயர் கிடைத்தது.

அடுக்குகளுக்கு எண் கொடுப்பதில் எங்களுக்குள் ஒரு பழக்கம் வேறுபட்டது. நான் கீழிருந்து எண்ணுவேன். வாசலில் நிற்கும் வண்டிதான் எனக்குப் பூஜ்யம். அவன் மேலிருந்து எண்ணுவான். உச்சிதான் அவனுக்குப் பூஜ்யம்; அது நகராது, கீழேதான் நீண்டுகொண்டே போகும், நிரூபணத்துக்கு அது வசதி. இருவருக்கும் காரணம் இருந்தது. இருவரும் விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. கடைசியில் அவரவர் பாதியை அவரவர் விருப்பப்படி எழுதிவிட்டு, நடுவில் இரண்டையும் இணைக்கும் ஒரே ஒரு வாக்கியம் போட்டோம்: இரு பகுதிகளிலும் அடுக்கு எண்கள் ஒத்துப்போகின்றன.

ஒத்துப்போனதா என்று பார்க்கத்தான் பார்த்தோம். பத்துப் பன்னிரண்டு உதாரணங்களை ஓட்டினோம். இந்தத் துறையில் எல்லோரும் எடுக்கும் உதாரணங்கள்: வண்டி, நாய், புத்தகம். எல்லாமே மூன்று அடுக்கு. உச்சிக்கும் அடிக்கும் எங்களிடம் தனித்தனி விதி இருந்ததால், அந்த இணைப்பு வாக்கியம் வழியாகப் போனது நடு அடுக்கு மட்டும்தான். மூன்று இருந்தால் நடுவில் இருப்பது மேலிருந்து எண்ணினாலும் ஒன்று, கீழிருந்து எண்ணினாலும் ஒன்று. பச்சை டிக் மேல் பச்சை டிக் விழுந்தது. ஆஹா என்று இருந்தோம்.

கட்டுரை வெளிவந்து ஒன்றரை வருடம் கழித்து ஒரு காலை எனக்குப் போன் வந்தது. தவளக்குப்பத்தில் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறவர். மீன்பிடிப் படகுகளைப் பதிவு செய்யும் சாஃப்ட்வேர் ஒன்றுக்கு எங்கள் டூலை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்.

"மேடம், ஒலகத்துல இருக்கற ஃபைபர் படகெல்லாம் ஒரே நீளமா?" என்றார்.

"ஏன் சார்?"

"உங்க டூல் அப்பிடித்தான் சொல்லுது. ஃபைபர் படகுன்ற வகைக்கே ஒரு நீளம் போட்டாக்கா சரிங்குது. மாடலுக்கு மாடல் போட்டாக்கா தப்புங்குது. கனகசெட்டிக்குளத்துல போயி இதச் சொன்னா என்னத் தூக்கிக் கடல்ல போட்டுடுவாங்க."

நீங்கள் ஏதாவது தவறாகப் போட்டிருப்பீர்கள், அனுப்புங்கள், பார்க்கிறேன் என்றேன். குரலில் கொஞ்சம் மிதப்பு இருந்திருக்கும். ஏழு வருடம் உழைத்தவளிடம் வந்து காலை எட்டரை மணிக்குப் படகுக் கதை பேசினால் வேறு எப்படி இருக்கும்?

அவர் அனுப்பியதில் நான்கு அடுக்கு இருந்தது. கலம், அதன் கீழே ஃபைபர் படகு, அதன் கீழே பட்டறைக்காரர் போடும் மாடல், அதன் கீழே கரையில் கிடக்கும் படகு. நீளத்தை உச்சியில் அறிவித்து இரண்டு அடுக்கு கீழே நிரப்பச் சொல்லியிருந்தார். சரியாகத்தான் போட்டிருந்தார். என் விதிப்படி அது கீழிருந்து ஒன்றாம் அடுக்கு, அதாவது மாடல். இணைப்பு வாக்கியம் அந்த 'ஒன்று' என்ற எண்ணை அப்படியே தூக்கி அவன் டூலிடம் கொடுத்தது. டூல் மேலிருந்து ஒன்று எண்ணி ஃபைபர் படகு என்ற வகையில் போய் நின்றது. மாடி அறைச் சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையில் இதை வரைந்து பார்க்க எனக்கு மூன்று நிமிடம் ஆனது. எத்தனை அடுக்கு இருந்தாலும் என்று உலகத்துக்கே சொல்லிவிட்டு, நான்காவது அடுக்கில் விழுந்து கிடந்தோம்.

அடுத்து நான் செய்தது எனக்கே பிடிக்காத காரியம். கட்டுரைக் கோப்பில் எந்த வரியை யார் எப்போது எழுதினார்கள் என்று பதிவு இருக்கும். அந்த இணைப்பு வாக்கியத்தை எழுதியது அவனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் திறந்தேன். நான்தான் எழுதியிருந்தேன்.

அவன் அப்போது ஊரில்தான் இருந்தான். மாமா மகள் கல்யாணத்துக்கு வந்தவன். கோன்கூரின் நேர்முகத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வீட்டுக்கு வா என்றேன். சாயங்காலம் கல்யாண வீட்டு இனிப்பு டப்பாவோடு வந்தான். பலகையைப் பார்த்தான். டப்பாவை நாற்காலியில் வைத்துவிட்டு நின்றபடியே படித்தான். நான் ஒரு வார்த்தை சொல்லத் தேவைப்படவில்லை.

"அய்யய்யோ" என்றான், மெதுவாக.

"கழிச்சுட்டா சரியாப் போயிடும்டா. மொத்த அடுக்குலேர்ந்து ஒண்ணக் கழிச்சு, அதுலேர்ந்து உன் எண்ணக் கழிச்சா என் எண்."

"டூலுக்கு சரியாப் போயிடும். நிரூபணத்துக்கு? மொத்தம் எத்தன அடுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு வெச்சித்தானடி மொத்தத்தயும் நிரூபிச்சேன். மறுபடி முதல்லேர்ந்து எழுதணும். ஆறு மாசம்."

பன்னிரண்டு நாள் கையில் வைத்திருந்தவன் சொன்னது அது. அம்மாவிடம் சொல்லாதே என்றான். நான் எதற்குச் சொல்லப் போகிறேன்? இரண்டு நாள் உட்கார்ந்து எங்காவது சந்து கிடைக்கிறதா என்று தேடினோம். மூன்று அடுக்குக்குத் தேற்றம் அப்படியே நின்றது. நான்குக்கு நிற்கவில்லை. மூன்று அடுக்குக்கு மட்டும் என்றால் அதை எங்களுக்கு முன்பே வேறு ஆட்கள் செய்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கடைக்குப் போய் டீ குடித்தோம். யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டான். நமக்கும் தவளக்குப்பத்துக்காரருக்கும் மட்டும்தான் என்றேன். அவருக்கும் தேற்றம் விழுந்தது தெரியாது, டூலில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"தேர்வுக் குழுவுல கேட்டா சொல்லிடுவேன். கேக்கலன்னா?" என்றான்.

"கேக்கலன்னா நீயா ஏன்டா சொல்லப் போற? வேல கெடைக்கட்டும். அப்புறம் திருத்தம் அனுப்பிக்கலாம். ஒண்ணும் குடி முழுகிப் போயிடாது."

வாய் கூசாமல் சொன்னேன். அவனுக்காகத்தான் சொன்னேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அந்த வாக்கியம் யார் எழுதியது என்ற பேச்சு எங்களுக்குள் வரவே இல்லை. அவன் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். நாலு சொல்தான்.

அவன் கிளம்பிப் போனான். நேர்முகத்தன்று நான் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. மாலை ஐந்து மணி போல வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

"என்னடா, கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்பாடா."

"நானே சொல்லிட்டேன்."

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. பைத்தியமாடா உனக்கு, யாராவது தன் தலையில் தானே கல்லைத் தூக்கிப் போட்டுக்கொள்வார்களா என்று கத்தினேன். அவன் முடிக்கவிட்டான். பேசத் தொடங்கி நாலாவது நிமிடத்தில் அந்தத் தேற்றத்தைத் திரையில் போட வேண்டியிருந்ததாம். எத்தனை அடுக்கு இருந்தாலும் என்ற இடத்தை வாசிக்க முடியவில்லையாம். நின்று, இது தவறு என்று சொல்லிவிட்டு, படகு உதாரணத்தைப் போர்டில் வரைந்து காட்டியிருக்கிறான்.

"ஒருத்தர் கேட்டாரு, அந்த வாக்கியம் யாரு எழுதனதுன்னு."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நான்தான்னு சொன்னேன்."

"நீ எழுதலடா. அது நான் எழுதனது."

"தெரியும். அன்னிக்கி உங்க வீட்லேர்ந்து போனதும் எடுத்துப் பாத்துட்டேன்."

"தெரிஞ்சும் ஏன்டா அப்பிடிச் சொன்ன?"

"பின்ன? அங்க நின்னது நானு. இல்லாத ஆளு பேர எப்பிடிச் சொல்றது?" பிறகு, "நீயும்தான் சொல்லலயே" என்றான். அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நானும் இரண்டு கேட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. போனை வைத்த பிறகும் அது போகவில்லை.

பட்டியல் வந்தபோது அவன் பெயர் இல்லை. ஒப்பந்தத்துக்கு இன்னொரு வருடம் யாரோ கையெழுத்துப் போட்டார்கள். அவன் அம்மா மார்க்கெட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லாத்தான் பேசினானாமே, ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார். தெரியவில்லை ஆன்ட்டி என்றேன்.

கட்டுரை வெளியான ஆய்விதழுக்குத் திருத்தக் குறிப்பை நான் எழுதினேன். தவறு எங்கே என்று இரண்டு வரி. பிறகு, இணைப்பு வாக்கியத்தை எழுதியது நான், என் கூட்டாளி அல்ல என்று ஒரு வரி. இதழ்க்காரர்கள் முதல் இரண்டை அச்சிட்டார்கள். மூன்றாவதை எடுத்துவிட்டார்கள். எந்த வரியை எந்த ஆசிரியர் எழுதினார் என்று போடும் வழக்கம் தங்களிடம் இல்லை என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் வந்தது. தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இன்றுவரை அது அவன் எழுதிய வாக்கியம்தான்.