நாற்பத்து மூன்று பக்கங்கள்

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுதுபார்ப்பதே தொழில். பதினெட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், இரும்புக் கயிறுகளுக்கு நடுவே நின்று வேலை பார்த்திருக்கிறார். ஒரு கீறல் பட்டதில்லை. அப்பேர்ப்பட்டவர், சமையலறை பல்பை மாற்ற ஒன்றரை அடி ஸ்டூலில் ஏறி, தடுமாறி விழுந்து, வலது காலை முறித்துக்கொண்டார். கூட வேலை செய்பவர்கள் பார்க்க வந்தபோது முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டார்கள். "அண்ணே, இனிமே ஸ்டூலுக்கும் ஒரு பிரேக் வெச்சிடுவோம்ணே" என்று ஒருவன் சொன்னதும் அவரே சிரித்துவிட்டார்.

முழங்கால் வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் வீட்டை விட்டு அசையக் கூடாது. இரண்டு தெரு தள்ளியிருந்த அக்கா காலையும் மாலையும் வந்து சமைத்து வைத்துவிட்டுப் போனாள். மீதிப் பொழுதெல்லாம் அவரும் நாலு சுவரும்.

மனைவி பதினோரு வருடமாக வெளிநாட்டில் இருந்தாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ், பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். மகளின் படிப்புக்காகப் போனவள். மகள் படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி வேறு ஊரில் குடித்தனம் நடத்துகிறாள். போன காரியம் முடிந்துவிட்டது, போனவள்தான் திரும்பவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் முடியும். அதற்கு முன்னால் விடுமுறையில் வருவாள், பீரோவில் இருக்கும் தன் சான்றிதழ்களை எடுத்துச் சரிபார்ப்பாள், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். "புதுப்பிக்கட்டுமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "உன் இஷ்டம்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். விமான நிலையத்திலிருந்து வீடு திரும்பி, அவள் குளித்துவிட்டு உலர்த்திப்போன துண்டு காயும் வரை அதை எடுக்காமல் இருப்பார். காய்ந்த பிறகும் இரண்டு நாள் அப்படியே கிடக்கும்.

இந்த முறை இல்லத்தில் ஆள் பற்றாக்குறை என்று அவளுடைய விடுமுறை தள்ளிப்போனது. புதன்கிழமைக்குள் சான்றிதழ்கள், பதிவுப் பத்திரங்கள், கல்யாணப் பதிவு உட்பட நாற்பத்து மூன்று பக்கம் போய்ச் சேர வேண்டும். அவர் ஃபோனில் படம் பிடித்து அனுப்பினார். நிழல் விழுகிறது, முத்திரை தெரியவில்லை, முறையாக ஸ்கேன் செய்து அனுப்புங்கள் என்று இல்லத்து அலுவலகத்தில் திருப்பிவிட்டார்கள். கடைக்குக் கொடுத்தனுப்பலாம் என்றால் அவள் ஒப்புக்கொள்ளவில்லை. முன்னொரு காலத்தில் ஒரு கடைக்காரர் அவளுடைய நர்சிங் சான்றிதழை வேறு யாருடைய காகிதக் கட்டோடோ சேர்த்துக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் அலைய வைத்திருக்கிறார். அதிலிருந்து அசல் காகிதம் எதுவும் வாசலைத் தாண்டாது.

"பரண்ல நம்ம பழைய லேசர் பிரிண்டர் இருக்குமே. பிரிண்ட், ஸ்கேன், காப்பி மூணும் பண்ணும். எறக்கச் சொல்லுங்க" என்றாள்.

வெளிநாடு போவதற்கு முன்னால் அவள் மருத்துவமனை வேலை போக மீதி நேரத்தில் மற்றவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது வாங்கியது. அக்காவும் வாட்ச்மேனும் அதை இறக்குவதற்குள், பழைய பெட்ஷீட்டிலிருந்து கொட்டிய தூசியில் மூவரும் மாறி மாறித் தும்மினார்கள். சாம்பல் நிறம், நல்ல கனம், தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்னத் திரை. மின்சாரம் கொடுத்ததும் உறுமிக்கொண்டு எழுந்துவிட்டது. ஆனால் லேப்டாப்போடு இணைக்கிற சதுர முனை ஒயரைக் காணவில்லை. வைஃபை ஒன்றுதான் வழி.

சனிக்கிழமை பிற்பகல் அவள் கூப்பிட்டாள். அவருக்கு இரண்டு மணி. அவளுக்கு ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்த காலை நேரம். வழக்கமாகப் பத்து நிமிடப் பேச்சு. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், நீ, ஆச்சு, மகள் பேசினாளா, பேசினாள், சரி தூங்கு. அவ்வளவுதான்.

அன்றைக்கு அப்படி முடியவில்லை.

"வலது அம்பை மூணு தடவை அமுக்குங்க. நெட்வொர்க்னு வருதா? ஓகே. கீழ் அம்பு ஒண்ணு. ஓகே."

பதினோரு வருடம் தொடாத மெஷினின் வயிறு குடல் எல்லாம் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் வரிசையாக வந்தன. இவர்களுடைய பெயர் மட்டும் வரவில்லை.

"மறுபடியும் தேடச் சொல்லுங்க. மூணு நிமிஷம் ஆகும், பொறுமையா இருங்க."

அந்த மூன்று நிமிடத்தை என்ன செய்வது? அவள் பேசினாள். இல்லத்தில் அவள் கவனித்துக்கொள்ளும் ஒரு பெரியவர் அவளைத் தன் தங்கை என்றே நினைத்துக்கொண்டு தினமும் பம்பரத்தைத் திருப்பிக் கேட்கிறாராம். "நேத்து, நான்தான் எடுத்தேன், நாளைக்குத் தரேன்னு ஒத்துக்கிட்டேன். அப்புறந்தான் மனுஷன் தூங்கினாரு" என்றாள். அடுத்த மூன்று நிமிடத்தில், பனி பெய்தால் சைக்கிளை எடுக்க முடியாமல் நடந்தே வர வேண்டியிருக்கிறது என்றாள்.

"எந்த சைக்கிள்?"

"என் சைக்கிள்தான்."

"நீ சைக்கிள் ஓட்டுவியா?"

"ஆறு வருஷமா ஓட்டறேனே. சொன்னதில்லையா?"

சொன்னதில்லை. கல்யாணமான புதிதில், அவருடைய சைக்கிளின் பின்னால் உட்காரவே பயந்து, சட்டையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவள். அவள் தனியாக ஒரு தெருவில் மணியடித்துக்கொண்டு போவதைக் கற்பனை செய்து பார்த்தார். தெரு வந்தது, சைக்கிள் வந்தது. அவள் முகம் எப்படியிருக்கும் என்பது பிடிபடவில்லை. தெரியாத யாரையோ பார்ப்பதுபோல் இருந்தது.

பிரிண்டர் கடைசிவரை மசியவில்லை. ஒரு மணி நேரம் பத்து நிமிடம் பேசியிருந்தார்கள்.

ஞாயிறு காலை நெட் கனெக்‌ஷன் கொடுத்தவருக்கு ஃபோன் போட்டார். விஷயம் அற்பமாக இருந்தது. "சார், உங்க ரூட்டர் புதுசு. ரெண்டு அலைவரிசையையும் ஒரே பேர்ல கலந்து விடுது. உங்க பிரிண்டர் பழசு, அதுக்கு மெதுவான அலைவரிசை மட்டுந்தான் புரியும். ரெண்டுக்கும் தனித்தனிப் பேர் வெச்சுடறேன், மெதுவானதுல போய்ச் சேருங்க. பாஸ்வேர்டு பாதுகாப்பையும் பழைய முறைக்கு மாத்திடறேன்." பத்து நிமிடத்தில் இவர்களுடைய பெயர் திரையில் வந்து நின்றது. பன்னிரண்டு எழுத்துப் பாஸ்வேர்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் அம்புக்குறியை இருபது தடவை அமுக்கி, பெருவிரல் மரத்துப்போனது. கடைசியில் நீல விளக்கு சிமிட்டுவதை நிறுத்தி நிலையாக எரிந்தது. லேப்டாப்பிலும் பிரிண்டரின் பெயர் வந்துவிட்டது. சோதனைக்கு ஒரு பக்கம் எடுத்தார். பளிச்சென்று வந்தது.

இரண்டு மணிக்கு அவள் கூப்பிட்டாள். "என்ன, ஆச்சா?"

"இல்லையே" என்றார்.

ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. வாயிலிருந்து வந்துவிட்டது. "சரி, முதல்லேருந்து வருவோம். வலது அம்பு மூணு தடவை" என்று அவள் ஆரம்பித்ததும், அதைத் திருத்த மனம் வரவில்லை. அன்றைக்கு ஒரு மணி நேரம். அவளுக்கு மூன்று வருடமாகப் படிக்கக் கண்ணாடி உண்டு என்று தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு சலவைக்கடை இருப்பதும், சூடான துணியின் வாசனை வந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வருவதும் தெரிந்தது.

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். அதனால் திங்கட்கிழமை ஒரு வேலை செய்தார். இரண்டு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, நெட்வொர்க் விவரங்களை அழித்துவிடும் கட்டளையைக் கொடுத்து, அத்தனையையும் துடைத்துவிட்டார். "ஆச்சா?" என்று கேட்டபோது, "கனெக்ட் ஆகலை" என்றார். உண்மைதானே! பாஸ்வேர்டில் பெரிய எழுத்துக்குப் பதில் சின்ன எழுத்தைப் போட்டுப் போட்டு நேரத்தைக் கடத்தினார்.

"லிஃப்ட்டையே கழட்டி மாட்டறவரு, இந்தச் சுண்டைக்காய் மெஷின்கிட்ட இப்படித் திணர்றீங்களே" என்று அவள் கொட்டாவியோடு சிரித்தாள். அந்தக் கொட்டாவி அவரை உறுத்தியது. உறுத்தினாலும் ஃபோனை வைக்கவில்லை.

செவ்வாய் காலை சரியாகப் பாஸ்வேர்டைப் போட்டு மறுபடியும் இணைத்துவைத்தார். புதன்கிழமை கெடு அவர் மண்டையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. 'இன்றைக்கு ஒரு நாள் மட்டும்' என்று சொல்லிக்கொண்டார். அக்கா தன் கண் ஆஸ்பத்திரிச் சீட்டை ஃபோனில் காட்டி, "இதைக் காகிதத்துல எடுத்துக் கொடுடா" என்று கேட்டாள், எடுத்துக் கொடுத்தார். வழக்கமாகப் பன்னிரண்டுக்கே கிளம்பிவிடுகிறவள் அன்றைக்குத் துணி துவைக்க நின்றுவிட்டாள். அவள் இருக்கும்போது பிரிண்டர் பக்கம் போய் அம்புக்குறியை அமுக்க அவருக்குத் தயக்கமாக இருந்தது. அழிக்காமலே இரண்டு மணியாகிவிட்டது. பிரிண்டர் திரையைத் தானே பார்ப்பதற்காக அன்றைக்கு வீடியோவில் கூப்பிட்ட மனைவியின் முகம் வந்ததும், அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"எப்படிம்மா இருக்கே?"

"இருக்கேன் அண்ணி. இந்த பிரிண்டரோடதான் உங்க தம்பி மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காரு. நாளைக்குக் கெடு, இன்னும் ஒரு பக்கம்கூடப் போகலை."

"பிரிண்டருக்கு என்ன? ஜம்முனு ஓடுதே. காலையில எனக்கு ரெண்டு பக்கம் எடுத்துக் கொடுத்தானே!"

சொல்லிவிட்டு அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மனைவியின் முகத்தை. ஏதோ வேண்டாததைத் தொட்டுவிட்டோம் என்று புரிந்துகொண்டு, காயப்போட வேண்டிய துணியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மனைவி திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தாள்.

"எப்பலேருந்து ஓடுது?"

"ஞாயித்துக்கிழமை காலையிலேருந்து."

"ராத்திரி பூரா நின்னுட்டு வர்றேங்க. கால் வீங்கிப்போய், தூங்க வேண்டிய நேரத்துல, வலது அம்பு கீழ் அம்புன்னு தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறேன். விளையாட்டா இருக்கா உங்களுக்கு?"

"விளையாட்டு இல்லே."

"பின்னே என்ன?"

அவர் மாவுக்கட்டைப் பார்த்தார். அதன் மேல் நண்பர்கள் கிறுக்கியிருந்த லிஃப்ட் படத்தைப் பார்த்தார். "அதை அனுப்பினா நீ இன்னும் ரெண்டு வருஷம் வரமாட்டே" என்றார். "அதோட, நீ இவ்வளவு நேரம் பேசி எத்தனையோ வருஷமாச்சு. எனக்கு உன்னை ரொம்பத் தேடுது. வந்துடேன்."

அந்தப் பக்கம் அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இதை ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கீங்களா?" அவளுக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை, அதோடு அழுகையும் சேர்ந்துகொண்டது. "ஒவ்வொரு வாட்டியும் பெட்டியைக் கட்டிக்கிட்டே கேப்பேன். 'உன் இஷ்டம்'னு சொல்லிட்டு டிவி பாப்பீங்க. சரி, இவருக்கு நான் இல்லாமலே பழகிப்போச்சு, நாம போய் உக்காந்தா இடைஞ்சல்தான்னு நினைச்சுப்பேன். அஞ்சு வருஷமா அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்."

"உன்னைத் தடுத்துடக் கூடாதுன்னுதான்..."

"யாரு தடுக்கச் சொன்னா? வந்துடேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

பிறகு அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "இப்ப ஸ்கேன் பண்ணுங்க. திடீர்னு விட்டுட்டு வர முடியாது. இங்கே இருக்கறவங்க என்னை நம்பி இருக்காங்க. நான் லைன்லயே இருக்கேன்" என்றாள்.

ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு எழுந்து பீரோவைத் திறந்தார். மூடியைத் தூக்குவது, கண்ணாடியில் காகிதத்தைக் கோணாமல் வைப்பது, மூடுவது, லேப்டாப்பில் ஸ்கேன் கொடுப்பது. ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. பள்ளிச் சான்றிதழ், நர்சிங் பதிவு, பழைய ஒப்பந்தங்கள். "பத்து", "பதினொண்ணு" என்று அவர் சொல்ல, அவள் "ம்" கொட்டினாள். கல்யாணப் பதிவுப் பத்திரம் வந்தபோது, அதில் ஒட்டியிருந்த புகைப்படத்தில் இரண்டு பேரும் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான், வெகு நேரமாக 'ம்' வரவில்லை என்பது உறைத்தது. அவளுடைய ஃபோன் தலையணை மேல் சாய்ந்திருந்தது. அவளுடைய காது ஓரமும் நரைத்த முடியும் மட்டும் தெரிந்தன. தூங்கிவிட்டாள்.

அழைப்பை அவர் துண்டிக்கவில்லை. அவளுடைய மூச்சு சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. மூடியைச் சத்தமில்லாமல் தூக்கி, சத்தமில்லாமல் மூடி, நாற்பத்து மூன்றாவது பக்கம் வரை முடித்தார். ஒரே கோப்பாகச் சேர்த்து அனுப்பினார். போய்விட்டது என்று திரையில் வந்தபோது, இன்னும் இரண்டு வருடம் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டார். ஆனாலும் தவறாக அனுப்பிவிட்டோம் என்று தோன்றவில்லை.

அவள் இல்லத்து மேலாளரிடம் பேசினாள். இரண்டு வருடம் கேட்டவர்கள், ஒரு வருடமாவது இருந்துவிட்டுப் போ, அதற்குள் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவருக்கு ஃபோன் செய்து, "போடட்டுமா?" என்று கேட்டாள்.

"எனக்கு வேண்டாம்னுதான் இருக்கு. ஆனா போடு" என்றார். அவள் போட்டாள்.

அதன் பிறகு மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளேயிருந்து வந்த கால் பக்கத்து வீட்டுக்காரருடையதுபோல மெலிந்து வெளுத்துக் கிடந்தது. வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார், இப்போதைக்கு நாலு மாடிக் கட்டடங்கள் மட்டும். மதியம் இரண்டு மணியானால் கருவிப்பையை ஓரமாக வைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஏறுகிறார். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து பேசுகிறார். பேச விஷயம் இல்லாத நாளும் உண்டு. அப்போது, "ஒண்ணும் இல்லே, சும்மா இரு" என்கிறார். அவளும் இருக்கிறாள். ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதமும் சில நாட்களும் இருக்கின்றன.