கேப்டனைக் கொன்ற நாவல்

புனே ஹடப்சரில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்த விண்வெளி நாவலைப் பார்த்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

சிறுவயதில், அதே ஊரின் போபோடியில் இருந்தபோது, டிவித் தொடரில் வரும் ஐந்து விண்வெளி வீரர்கள்தான் எனக்கும் அண்ணனுக்கும் உயிர். அந்தத் தொடரை வைத்து எழுதிய இந்த ஆங்கில நாவலை அண்ணன் எனக்கும் அம்மாவுக்கும் தமிழில் வாசித்துச் சொன்னான். அதில் ஐவரைப் போலவே இருந்த நகல்கள் அசல் வீரர்களைக் கொன்றுவிட்டு அவர்கள் வீடுகளுக்கே போயின. கேப்டனின் மனைவி நகலைக் கட்டிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள். கதை முடிந்தது.

சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த அம்மா முகம் சுளித்தாள். “சீ! புருஷன் யாருன்னு பொண்டாட்டிக்குத் தெரியாதாடா? பழைய பேப்பர் எடுக்கிற ரத்திக்காரன்கிட்ட போடு அதை!”

அடுத்த வாரம் டிவியில் கேப்டன் சிரித்தார்.

“அண்ணா, இது நிஜமா அவர்தானா?” என்றேன்.

அண்ணன் எழுந்து டிவியை அணைத்தான். பிறகு நாங்கள் அந்தத் தொடரைப் பார்க்கவேயில்லை.

“லேனா ஹை க்யா, மேடம்?” என்று, வாங்கப் போகிறேனா எனக் கேட்டார் புத்தகக் கடைக்காரர்.

சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்றேன்.