ஏழு மணிக்கு ஒரு மாத்திரை, ஒரு போன்

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதம். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். எனக்கு ராயப்பன்பட்டி பக்கம் திராட்சைத் தோட்டம். துக்க வீட்டுக்குப் போனாலும் நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் திரும்ப மாட்டேன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரெல்லாம் ஆஸ்பத்திரி வாசலோடு சரி. ஸ்ட்ரெச்சர் கம்பியை நான் பிடித்த பிடியை விடுவிக்க இரண்டு நர்ஸ்கள் வேண்டியிருந்தது.

அன்றைக்கே, அதே டாக்டரிடம், பக்கத்துக் கட்டில்காரருக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். மேகமலையில் தேயிலை எஸ்டேட் சூப்பர்வைசர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கழுத்தில் ஜெபமாலை, வாயில் ஓயாத நக்கல்.

“ஒரே நாள்ல, ஒரே கையால கம்பி வச்சிருக்காக. இனி நாம பங்காளி” என்றார்.

இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரை. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு வருஷத்துக்கு ஒரு நாள்கூட விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு பேரும் மறதிக்காரர்கள். அதனால் ஓர் ஒப்பந்தம் போட்டோம். காலை ஏழு மணிக்கு அவர் எனக்கு போன் செய்வார். எஸ்டேட்டில் கொடுத்த அவருடைய லைன் வீட்டில் சிக்னல் கிடையாது. ஏற்றத்தில் ஒரு பாறை வரை நடந்து வந்துதான் பேச வேண்டும்.

“போட்டாச்சா?”

“போட்டாச்சுண்ணே. நீங்க?”

“கையில வச்சிருக்கேன். இந்தா, முழுங்கியாச்சு.”

பிறகு ஊர்க்கதை.

மாத்திரை ஆரம்பித்த பத்தாம் நாள் என் உடம்பில் கன்றல்கள் தோன்றின. கட்டில் காலில் இடித்தால் நீலம். பேரம் பேசும் வியாபாரி தோளைத் தட்டினால் நீலம். பல் தேய்த்தால் சிவப்பு. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். என் மனைவி, “புதுப்பொண்ணு கூட இம்புட்டு நேரம் கண்ணாடி பாக்க மாட்டா” என்பாள்.

ஒரு நாள் பந்தலுக்கடியில் குலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகில் ஏதோ ஈரம். கையை வைத்துப் பார்த்தால் விரலெல்லாம் கருஞ்சிவப்பு. மண்ணில் சாய்ந்து படுத்து மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ஓடி வருவதற்குள் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வார்த்தைகளைச் சொல்லத் தொடங்கினேன். கிழக்குப் பந்தலுக்கு மருந்து அடிக்க வேண்டும், மோட்டாரை மச்சானிடம் கொடுத்துவிடாதே, இப்படி. அவள் என்னைப் புரட்டினாள். சட்டையை முகர்ந்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“இனிப்பு இன்னும் ஏறலைங்க. ஒரு வாரம் விட்டு அறுக்கலாம்” என்றாள்.

நான் சாய்ந்து நசுக்கிய பன்னீர் திராட்சைக் குலை அது.

மறுநாள் காலையில் இதைச் சொன்னதும் மேகமலைக்காரர் சிரித்த சிரிப்பில் பாறையிலிருந்து விழுந்துவிடுவாரோ என்று பயந்தேன். சிரித்து முடித்துவிட்டு அவர் கதையைச் சொன்னார்.

“எனக்கு ஒடம்பு ஏத்துக்கிருச்சு பங்காளி. முந்தாநாள் செடி வெட்டுற கவாத்துக் கத்தி விரல்ல பட்டுருச்சு. துணி எடுத்துச் சுத்துறதுக்குள்ள ரத்தம் நின்னு போச்சு. ஒரு கன்றல் கிடையாது, ஒரு நீலம் கிடையாது.”

“மூச்சு ஏன்ணே இப்படி வாங்குது?”

“இங்கன ஏத்தம்டா. நெஞ்சு லேசாப் பிடிக்கும், நின்னா விட்டுரும். மலைன்னா அப்பிடித்தான்.”

அவர் நெஞ்சு பிடிப்பது எனக்குக் காதில் விழவில்லை. ரத்தம் நின்றதுதான் விழுந்தது. பொறாமை. ஒரே மாத்திரை, அவருக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொண்டது? என் பாதிப் பயத்தைக் குறைக்கப் பாதி மாத்திரை போதும் என்று முடிவு செய்தேன். மாத்திரையை வெட்ட மனைவியின் பாக்குவெட்டியையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆனால் கோழைக்கு டாக்டரைக் கேட்காமல் வெட்டவும் தைரியம் வராது. அன்று காலை முதல் ஆளாகச் சின்னமனூரில் மாதாமாதம் காட்டச் சொல்லியிருந்த டாக்டரிடம் போய் உட்கார்ந்தேன்.

கன்றல்களைக் காட்டினேன். பெரிதாக ஒன்றுமில்லை, மாத்திரையைக் குறைக்கவே கூடாது என்றார். பாக்குவெட்டியைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே அதைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டார். கடைசி அஸ்திரமாக மேகமலைக்காரரைப் பற்றிப் புகார் வைத்தேன். அவருக்குக் கத்தி பட்டும் உடனே நின்றுவிடுகிறது, ஏற்றத்தில் நெஞ்சு பிடித்தாலும் தாங்கிக்கொள்கிறார், எனக்கும் அந்த மாதிரி உடம்பாக்கித் தாருங்கள் என்றேன்.

டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார். நெஞ்சு எப்போதிலிருந்து பிடிக்கிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் விளக்கினார். இந்த மாத்திரை வயிற்றுக்குள் போனதும் வேலை செய்துவிடாது. கல்லீரல் அதை மாற்றிக் கொடுத்தால்தான் வேலை செய்யும். அந்த மாற்றம் சிலர் உடம்பில் நன்றாக நடக்கும், சிலர் உடம்பில் அரைகுறையாக நடக்கும். அரைகுறையாக நடந்தால், மாத்திரை போட்டும் போடாத மாதிரி. கன்றலை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது, அதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஆனால் புதிதாக ஸ்டென்ட் வைத்தவருக்கு நெஞ்சு பிடிக்கிறது என்றால் காத்திருக்கக் கூடாது.

“அவரை இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க.”

போன் போட்டேன். கிடைக்கவில்லை. ஏழு மணி தாண்டினால் அவர் அந்தப் பாறைப் பக்கமே வரமாட்டார். வேறு வழியில்லாமல் மேகமலை பஸ்ஸில் ஏறினேன். அந்தப் பாதையில் பஸ் குலுங்கிய ஒவ்வொரு குலுங்கலுக்கும் எங்கே நீலம் பூக்குமோ என்றுதான் வழக்கமாக யோசித்திருப்பேன். அன்றைக்கு அந்த நினைப்பே வரவில்லை. மூன்று வாரமாக அவர் மூச்சு வாங்குவதைக் காதில் வைத்துக்கொண்டே நான் என் முழங்கால் நீலத்தைப் பற்றிப் பேசியது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

தேயிலைக் காட்டு ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சில் கை.

“விருந்துக்கு வந்தியா, பிடிச்சுட்டுப் போக வந்தியா?”

“டாக்டர் கூட்டிட்டு வரச் சொன்னாக. கிளம்புங்கண்ணே.”

“ஞாயித்துக்கிழமை பூசை முடிச்சுட்டு வாரேன்.”

டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டினாரே தவிர எழுந்திருக்கவில்லை. சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“இந்த மாத்திரை என் ஒடம்புல பாடுற பாட்டைப் பாருங்க. உங்க ஒடம்புல அது தூங்குதாம். நீங்க இன்னைக்கு வரலைன்னா நாளைக்கு ஏழு மணிக்கு நானும் போடமாட்டேன்.”

அவர் கல்லில் கையை ஊன்றினார்.

“சட்டையைப் போடுலே, பொம்பளையாளுக பயப்படுது” என்று சொல்லி எழுந்தார்.

எஸ்டேட் ஜீப்பில் மலை இறங்கினோம். வழி நெடுக ஜெபமாலையை உருட்டினார். என்னால் ஒரு நகைச்சுவைகூடச் சொல்ல முடியவில்லை. சின்னமனூர் டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து அங்கிருந்தே ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார். ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் கட்ட ஆரம்பித்திருந்தது. அந்த மாத்திரை அவர் உடம்பில் போதுமான அளவு வேலை செய்யவில்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. அடைப்பை எடுத்து, வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் போன்.

“பங்காளி, வந்துருச்சு.”

“என்னதுண்ணே?”

“நீலம். முழங்கைக்குக் கீழ. புளியங்கொட்டை அளவு.”

கன்றல் ஒன்றும் சான்றிதழ் இல்லை என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இருந்தாலும் அன்றைக்கு மனைவியிடம் சொல்லிப் பாயசம் வைத்தேன்.

அந்த ஒரு வருஷம் தினமும் பேசினோம். கொய்யாப்பழம் அளவு, எலுமிச்சை அளவு என்று யாருடைய கன்றல் பெரிது என்று போட்டி. பனி இறங்கினால் பாறையில் நின்றுகொண்டு, “ஒண்ணுமே தெரியலை பங்காளி, நீ பேசு, கேட்டுக்கிட்டே நிக்கேன்” என்பார்.

வருஷம் முடிந்ததும் எனக்கு அந்த மாத்திரையை நிறுத்தினார்கள். அவருக்கும் பிறகு நிறுத்தினார்கள். சர்வீஸ் முடிந்து லைன் வீட்டைக் காலி செய்து, கோயம்புத்தூர்ப் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ஆயுசுக்கும் போட வேண்டிய மிச்ச ஒரு மாத்திரையை மகளே எடுத்துக் கொடுத்துவிடுகிறாளாம். தினமும் வந்த போன் வாரம் ஒன்றானது. இப்போது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும். “நல்லா இருக்கேன் பங்காளி.” “நானும்ண்ணே.” அதற்கு மேல் நல்லா இருப்பவர்களுக்குப் பேச என்ன இருக்கிறது?

போன வாரம் குலை அறுக்கும்போது கத்தரி விரலில் பட்டது. பந்தல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். மூன்று சொட்டு, அவ்வளவுதான், நின்றுவிட்டது. மணி ஏழு. மறு கை தானாகச் சட்டைப்பையில் போனைத் தேடியது. எடுத்து என்ன சொல்ல என்று தெரியாமல் திரும்ப உள்ளே வைத்தேன். இரண்டு பேரும் பிழைத்துக்கொண்டதில் எனக்கு வந்த நஷ்டம் அந்தப் பாறையிலிருந்து வரும் ஒரு “போட்டாச்சா” மட்டும்தான். ஆனால் அதற்கு ஈடாகும் ஒன்றை அதற்குப் பிறகு நான் கேட்டதே இல்லை.