சந்தனம் வைத்த துவக்குக் குழல்

இதை எழுதுவதா விடுவதா என்று சில வருடங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் போகிற மனுசன் வேட்டைக்கும் போகிறானா என்று கேட்பார்களே என்பது ஒரு தயக்கம். வீட்டுக்காரியின் மனம் நொந்துவிடுமோ என்பது அதைவிடப் பெரிய தயக்கம். இப்போது அவளே எழுதச் சொல்லிவிட்டாள்.

நோர்வேயில், ஒஸ்லோவின் ரொம்மன் பக்கம் எங்கள் வீடு. நடந்தது ஒரு சரஸ்வதி பூசை முடிந்த கிழமை. மனைவியின் தங்கை புருஷன், அதாவது என் சகலன், பல காலமாக வேட்டைக்குப் போகிறவர். அவர் விடாமல் கரைச்சல் கொடுத்து என்னையும் வேட்டைப் பரீட்சை எழுத வைத்து, துவக்கும் எடுக்க வைத்துவிட்டார்.

அந்தத் துவக்குக்கு இரண்டு குழல்கள். மாற்றிப் பூட்டலாம். ஒன்று உள்ளே வழுவழுப்பு. மற்றதில் உள்ளே சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும். பெரிய மிருகத்துக்கு ஸ்லக் என்கிற ஒற்றைக் குண்டுத் தோட்டா போடுவோம். வழுவழுப்பான குழலுக்கு, குண்டின் மேலேயே வரி போட்ட ஸ்லக். பள்ளம் வெட்டியதற்கு, பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிற ஸ்லக். மாறிப் போட்டால் குண்டு சொன்ன இடத்துக்குப் போகாது. வெளியே பார்த்தால் இரண்டு குழலும் ஒன்று போலத்தான்.

பூசையன்று எங்கள் வீட்டில் தையல் மெசின், கார்த் திறப்புச் சாவி, சமையல் கத்தி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு உண்டு. அந்த முறை பள்ளம் வெட்டிய குழலையும் துவக்கு வைத்துப் பூட்டுகிற இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து சாமிப் படத்தருகே நிமிர்த்திச் சாத்தினேன். மனைவி பொட்டு வைத்து, குழல் வாயில் ஒரு வெள்ளைச் செவ்வந்தியும் செருகினாள். தீபம் காட்டி முடிந்ததும் பூவை எடுத்துவிட்டு, வெளியே இருந்த சந்தனத்தைத் துடைத்து, துவக்கில் பூட்டிப் பெட்டியில் வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை காலை குறி பார்த்துச் சுட்டுப் பழக இருவரும் சூட்டுத் திடலுக்குப் போனோம். உறை போட்ட ஸ்லக் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டேன்.

"அண்ணை, எந்தக் குழல் பூட்டியிருக்கிறியள்?"

"பள்ளம் வெட்டினது."

"உள்ளுக்கை பார்த்தனீங்களோ?"

"பார்க்க என்ன கிடக்கு? நானே பூட்டினனான். அதுவும் சாமிக்கு முன்னாலை வைச்சு எடுத்தது."

"சாமியோ குழல் பூட்டித் தந்தவர்? கழட்டிப் பாருங்கோ அண்ணை. மாறிப் போட்டுட்டு, குண்டு எங்கை போனது எண்டு காட்டுக்குள்ளை தேடுவியள்."

எனக்குக் கோபம் வந்தது. சாமியை வைத்துப் பகிடி விடுகிறாரே என்று. இவர் வாயை அடைக்கவென்றே ஸ்லக்கை மேசையில் வைத்துவிட்டு, குழலைக் கழற்றி வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.

"என்ன, பள்ளம் தெரியுதோ?"

"பள்ளத்தை விடும். வெளிச்சமே தெரியேல்லை."

நான் பகிடிக்குச் சொல்கிறேன் என்று நினைத்து, அவர் சிரித்துக்கொண்டே வாங்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. துப்புரவாக்கும் கம்பியை விட்டுத் தள்ளினார். சுருட்டி இறுக்கிய சமையலறைப் பேப்பர் ஒன்று புல்லில் விழுந்தது. எடுத்து மணந்தேன். சந்தன வாசம்.

அந்த அடைப்போடு சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும். என் கண், என் கை, பக்கத்தில் நின்ற அவர் முகம். அவர் குழலை மறுபடி வானத்துக்குப் பிடித்து என்னிடம் காட்டினார். பள்ளங்கள் கடைசி வரைக்கும் சுழன்று சுழன்று பளபளத்தன. நான் சொன்ன குழல் சரி. நான் எடுத்த ஸ்லக்கும் சரி. எல்லாம் சரியாக இருந்தும் அழிந்திருப்பேன்.

வீட்டில் சொன்னேன். மனைவி அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"பூ உள்ளுக்கை விழுந்திடும் எண்டுதான் குழல் வாய்க்குள்ளை பூவுக்குக் கீழை பேப்பர் வைச்சனான். ஐயோ, நான்தானே..."

"வைச்சது நீர். பார்க்காமல் பூட்டினது நான்" என்றேன்.

பூசை இப்போதும் செய்கிறோம். துவக்குக்கான சந்தனம் இப்போது பெட்டிக் கதவுக்கு மட்டும்.

ஆனால் கோயிலடியில் இந்தக் கதை வளர்ந்துவிட்டது. குழலுக்குள் வேல் தெரிந்ததாம். துவக்கு வெடிக்க மறுத்ததாம். என்னிடமே வந்து ஒருவர் சொல்கிறார்! அதனால்தான் மனைவி, "பேப்பரை நான் வைச்சதையும் மறைக்காமல் எழுதுங்கோ" என்றாள். இதை வாசிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொன்னால், அந்தப் பேப்பரையும் சகலனின் பகிடியையும் விட்டுவிடாமல், புதிதாக ஒன்றும் சேர்க்காமல் சொல்லுங்கள். அன்று என்னைக் காப்பாற்றியது கடவுள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் எனக்குக் கோபமூட்டிய ஒரு கேள்வியாக வந்ததால்தான், இன்றும் யாராவது "பார்த்தனீங்களோ?" என்று கேட்டால் வாயை மூடிக்கொண்டு இன்னொரு தரம் பார்க்கிறேன்.