லத்தீனில் ஒளித்து வைத்த வரிகள்

கல்யாணமாகி ஆரணிக்கு வந்த முதல் வருஷம் நான் எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. நான் பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. என் கணவர் செய்யாரில் ஒரு வங்கியில் குமாஸ்தா. காலையில் அவர் பஸ்ஸுக்கு ஓடுவார், நான் பள்ளிக்கு ஓடுவேன், சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்கு ஓடி வருவோம். அந்த வருஷத்தில் மெதுவாக நடந்ததாக ஞாபகமே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு மாதர் சங்கம் இருந்தது. அதன் தலைவி, அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸம்மா. ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதித் தரச் சொல்லி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மாமியா மருமவ சண்டையெல்லாம் வேணாம் டீச்சர். அதான் வூட்லயே பாத்துகினு கீறோமே. வயிறு நோவ சிரிக்கணும். இங்கிலீஷ்லருந்து எதனா கொண்டாங்க."

என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது. கல்லூரியில் படிக்கும்போது மெட்ராஸ் பிளாட்பாரத்தில் வாங்கியது. கிறிஸ்து பிறப்பதற்கு முன்னால் கிரேக்க நாட்டில் எழுதப்பட்ட ஒரு சிரிப்பு நாடகம், ஆங்கிலத்தில். இரண்டு ஊர் ஆண்கள் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். இரண்டு ஊர்ப் பெண்களும் ஒன்றுகூடி, சண்டையை நிறுத்தும் வரை புருஷன்மாரைக் கிட்டே சேர்ப்பதில்லை என்று சத்தியம் செய்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

எங்களுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது. எங்கள் தெருவுக்கும் பின் தெருவுக்கும் அப்போது பெரிய சண்டை. ஆடித் திருவிழாவில் அம்மன் ஊர்வலம் எந்தத் தெருவுக்குள் முதலில் நுழைவது என்பதுதான் விவகாரம். இரண்டு தெரு ஆண்களும் ஒலிபெருக்கியை எதிரெதிராகக் கட்டி ஒருவர் காதை ஒருவர் கிழித்துக்கொண்டிருந்தார்கள்.

மொழிபெயர்க்க உட்கார்ந்தபோதுதான் ஒரு தொல்லை தெரிந்தது. புத்தகத்தை ஆங்கிலத்தில் எழுதியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு வெள்ளைக்காரர். கதை கொஞ்சம் சூடாகும் இடத்தில் எல்லாம் ஆங்கிலம் சட்டென்று நின்று லத்தீன் தொடங்கிவிடும். சூடு ஆறியதும் மறுபடி ஆங்கிலம். லத்தீன் படித்த கனவான்கள் இதைப் படித்தால் கெட்டுப்போக மாட்டார்களாம். பெண்களும் குமாஸ்தாக்களும் அவர்கள் பிடித்து ஆண்ட நாட்டுக்காரர்களும்தான் கெட்டுப்போவார்களாம். எங்கள் வீட்டில் ஒரு பெண்ணும் ஒரு குமாஸ்தாவும் இருந்தோம்.

என் கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "வெள்ளைக்காரன் போயி எத்தினி வருஷம் ஆவுது? இன்னும் நம்பகிட்ட மறைச்சிகினு கீறானா? உடக்கூடாது."

பக்கத்து ஊரில் ஒரு மாதாகோயில் உண்டு. அங்கே வயதான ஒரு ஃபாதர் இருந்தார், லத்தீன் நன்றாகத் தெரிந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்துப் போனோம். லத்தீன் என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"யாருமே கேக்கறதில்லங்க இப்பல்லாம். உக்காருங்க. இன்னா, ஜெபமா?"

"நாடகம் ஃபாதர்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியை வாய்விட்டே படித்தார். கோயில் முழுக்கக் கேட்கிற கனத்த குரல். வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் பயபக்தியோடு சிலுவை போட்டுக்கொண்டார். மூன்றாவது வரியில் ஃபாதரின் குரல் இறங்கியது. ஐந்தாவது வரியில் நின்றே போனது. காதுமடல் சிவந்தது. பிறகு தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க போயி அந்த மாதுளஞ்செடியப் பாருங்க. இந்த வருஷம் நல்லா காய்ச்சிருக்குது. நான் சார்கிட்ட சொல்லிடறேன்."

நான் போய் மாதுளஞ்செடியைப் பார்த்தேன். இரண்டே பிஞ்சுகள்தான் இருந்தன. முதுகுக்குப் பின்னால் ஃபாதர் முணுமுணுப்பதும், என் கணவர் "அய்யோ" என்பதும், இரண்டு பேரும் இருமிக்கொண்டு சிரிப்பதும் கேட்டன.

திரும்பி வரும் பஸ்ஸில் என் கணவர் வாயைத் திறந்தால் சிரிப்புதான் வந்தது.

"சொல்லுங்க."

"பஸ்ல எப்பிடி சொல்றது?"

"காதுல சொல்லுங்க."

அதற்குள் கண்டக்டர் வந்து நின்றார். என் கணவர் அவர் முகத்தைப் பார்த்ததும் வெடித்துச் சிரித்தார்.

"இன்னா சார், டிக்கெட் கேட்டா சிரிக்கிறீங்க? ஜல்தியா எடுங்க சார், அடுத்த ஸ்டாப்பிங் வருது."

கண்டக்டர் நகர்ந்ததும் என் காதில் ஒரு வரியைச் சொன்னார். நான் போட்ட சத்தத்தில் முன் சீட்டில் கோழிக்கூடையோடு இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். கோழியும் பார்த்தது. அடுத்த வரி. அதற்கடுத்த வரி. கிரேக்கர் எழுதி, ஆங்கிலேயர் ஒளித்து, ஃபாதர் முணுமுணுத்து, என் கணவர் காதில் சொன்ன வரிகள். ஆரணி வந்தபோது எங்களுக்கு இறங்கத் தெம்பில்லை.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அந்த வரிகளில் பாதி எங்கள் தெருக் குழாயடியில் தினமும் காலையில் பேசிக்கொள்வதுதான். இதற்கா இவ்வளவு லத்தீன் என்று இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் நர்ஸம்மா வீட்டுக் கூடத்தில் சங்கம் கூடியது. எனக்கோ வாய் வரவில்லை. "சண்டை நிக்கிற வரைக்கும் புருஷன்மாரோட பேச மாட்டோம்னு சத்தியம் பண்றாங்க" என்று மழுப்பினேன்.

"பேசலன்னா அவுங்களுக்கு நிம்மதியாச்சே டீச்சர்" என்றாள் ஒருத்தி.

"அப்போ சமைக்க மாட்டோம்னு வச்சிக்கலாம்" என்றேன்.

"ஓட்டலுக்குப் போயி பூரிகெழங்கு துன்னுட்டு ஏப்பம் உட்டுகினு வருவான். நாமதான் பட்டினி."

எதிர் வீட்டு அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தெருவிலும் பாதி வீடுகளைப்போல அவர் வீட்டிலும் பட்டுத் தறி. புருஷன் நெய்வார், அக்கா கூட வேலை செய்வார். ஊரிலேயே பெரிய குரல் அவருக்குத்தான். அதனால் நாடகத்தில் அவர்தான் தலைவி.

"டீச்சர், புக்குல மெய்யா இன்னா எழுதிகீது? சும்மா சொல்லுங்க, நாங்க இன்னா கொழந்தைங்களா?"

சொல்லிவிட்டேன். சிரிப்பில் கூரை பறந்தது. ஒருத்தி தரையில் கையால் அடித்தாள், ஒருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். நர்ஸம்மா நாற்காலியோடு பின்னால் சாய்ந்தவர் சுவர் இருந்ததால் தப்பித்தார்.

"அந்தக் காலத்திலயே யோசிச்சிட்டாளுங்களாடி!"

ஆனால் மேடையில் எப்படிச் சொல்வது? முன் வரிசையில் பிள்ளைகள் இருக்கும். மாமியார்கள் இருப்பார்கள். "இத்த நான் மைக்ல சொன்னா எம் புள்ள என்ன வூட்ட உட்டுத் தொரத்திடுவான்" என்றார் நர்ஸம்மா.

அக்கா யோசித்தார். "தார் சுத்த மாட்டோம்னு சொன்னா இன்னா?"

தறி உள்ள வீட்டில் ஆண் நெய்ய, பெண் சின்னக் குழலில் பட்டு நூலைச் சுற்றிக் கொடுப்பாள். அதற்குத் தார் என்று பெயர். தறியில் இங்கும் அங்கும் ஓடுகிற நாடாக் கட்டைக்குள் அதைப் போட்டால்தான் நாடா ஓடும். இல்லையென்றால் தறி சும்மா நிற்கும். அக்கா நிஜமாகவே தறியை மனதில் வைத்துத்தான் சொன்னார். ஆனால் "தார் இல்லன்னா நாடா எப்பிடி ஓடும்?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் இன்னொரு அர்த்தமும் புரிந்துவிட்டது. அக்காவுக்குக் கடைசியாகப் புரிந்தது. முகத்தை மூடிக்கொண்டார்.

வெள்ளைக்காரர் லத்தீனுக்குள் ஒளித்ததை நாங்கள் தறிக்குள் ஒளித்தோம்.

ஆடி பிறப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கல்யாண மண்டபத்தில் நாடகம். பெண்களுக்கு மட்டும். இரண்டு தெருப் பெண்களும் வந்திருந்தார்கள். ஆண் வேஷமும் பெண்களே கட்டினோம். கண் மையில் மீசை. நர்ஸம்மா தளபதி. திரை இழுப்பதற்கு மட்டும் என் கணவரை உள்ளே விட்டிருந்தோம்.

அக்கா ஒரு தாரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து முழங்கினார்: "சண்ட நிக்கிற வரிக்கும்..."

"தார் சுத்த மாட்டோம்!" என்று மேடையில் நாங்கள் சொல்வதற்குள் கூட்டமே எழுந்து சொன்னது. முன் வரிசைச் சிறுமிகள் கணீரென்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார்கள். பின்னால் அவர்களுடைய அம்மாக்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள்.

அப்புறம் மீசை வைத்த புருஷன் ஒருத்தி அக்காவின் காலடியில் மண்டியிட்டு, "ஒண்ணே ஒண்ணு கண்ணு, ஒரே ஒரு தார்" என்று கெஞ்சினாள். என் கணவர் சிரித்த சிரிப்பில் கயிற்றை விட்டுவிட்டார். திரை பாதிக் காட்சியில் எல்லார் தலையிலும் விழுந்தது. திரைக்குள் இருந்து தளபதியின் குரல்: "யாருடி எம் மீசைய அழிச்சது?" ஜன்னல் பக்கம் பார்த்தால் வரிசையாக ஆண்களின் முகங்கள். ஒருத்தர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது: "நெஜமாவே நிறுத்திடுவாளுங்களா?"

நிறுத்திவிட்டார்கள். திங்கட்கிழமை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது தெருவில் தறிச் சத்தமே இல்லை. வேடிக்கைக்குத்தான் ஆரம்பித்தார்கள். அக்காவின் புருஷன் தாமே தார் சுற்றப் பார்த்து, பட்டு நூலில் விரலெல்லாம் சிக்கி, அந்தக் கையோடு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், உங்க நாடகம் முடிஞ்சிதா இல்லியா? ஒரு வார்த்த சொல்லிடுங்க. பெரிய பேஜாரா கீது."

எதிர் வீட்டுக்குள் இருந்து அக்காவின் குரல் வந்தது: "ரெண்டு தெருவும் பேசினா முடிஞ்சிது!"

பெண்டாட்டிகளைப் பற்றிப் புலம்புவதற்காக எங்கள் தெரு ஆண்கள் டீக்கடைக்குப் போனார்கள். பின் தெரு ஆண்களும் அதே புலம்பலோடு அங்கே வந்திருந்தார்கள். வாயைத் திறந்து பேசி எத்தனையோ மாதமானவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு முடிவு வந்தது: கோயிலில் சீட்டுக் குலுக்கிப் போடுவது, சீட்டில் எந்தத் தெருவின் பெயர் வருகிறதோ அங்கே அம்மன் முதலில் வருவாள்.

சீட்டு எடுத்தது ஒரு சின்னப் பெண். பின் தெரு ஜெயித்தது. எங்கள் தெரு ஆண்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். எங்கள் பக்கத்துப் பெண்களோ கைதட்டிக் குதித்தார்கள். அக்காவையும் சேர்த்து அவர்களில் நிறையப் பேர் பின் தெருவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர்கள். தோற்றது புருஷன் தெரு, ஜெயித்தது அம்மா வீட்டுத் தெரு.

"இன்னாடி, நம்ப தெரு தோத்துப்போச்சி, நீ கை தட்டிகினு கீற?" என்றார் அக்காவின் புருஷன்.

அக்கா இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார், கோயில் மணிக்கு மேலே போயிற்று அது.