எஸ்தரின் கையிலிருந்த சாவி

சென்ற ஆண்டு மே மாதம், சனிக்கிழமை. எங்கள் சபையின் இளைஞர் குழு பேரையூருக்கு அப்பால் ஒரு கரட்டுக் குன்றில் ஏறியது.

முற்பகல் 11.20: என் ஒரே மகள் எஸ்தர், பதினேழு வயது, வெயிலில் மயங்கி விழுந்தாள். வலிப்பு கண்டது.
11.22: குழுத்தலைவர் ஜெபராஜ் தம் பைக் சாவியை அவள் கையில் திணித்தார்.
11.25: வாயில் தண்ணீர் ஊற்றினார்கள். மூச்சு திணறியது.
12.50: மருத்துவமனை சேர்ந்தபோது உயிர் இல்லை.

நான் இயற்பியல் பேராசிரியராக இருந்தவன். இரும்பு வலிப்பை நிறுத்தாது என்று அறிந்தும், வலிப்பு கண்டவர் கையில் சாவி திணிப்பதைத் தெருவில் பலமுறை கண்டும், ஒருவரிடமும் சொன்னதில்லை. மூன்று மாதம் என்னால் ஜெபிக்க இயலவில்லை. பிறகு ஒரே வாக்கியம் வந்தது: “ஆண்டவரே, சாவியைத் திணித்த அந்தக் கைக்குக் கற்றுத்தாரும்.”

சபையிலுள்ள செவிலியர் ஒருவரைக் கொண்டு, பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்லும் தலைவர்களுக்கு முதலுதவிப் பயிற்சி தொடங்கினேன். ஜெபராஜ் மட்டும் வரவில்லை. அதே வாக்கியத்தைத் தினமும் சொன்னேன். ஐந்தாம் வாரம் ஆலய வாசலில் நின்றார்.

“சார், வாரேன். கடைசி வரிசையில உக்காந்துக்கிறேன்.”

“முதல் வரிசையில எடம் போட்டிருக்கேன், தம்பி.”

இந்த ஜூனில் வண்டியூர்ப் பக்கம் சபைப் பிள்ளைகளின் சைக்கிள் பயணம். தண்ணீர் வண்டியில் நானும் போனேன். பன்னிரண்டு வயது ஷீலா சைக்கிளை நிறுத்தி இறங்கியதும் சரிந்தாள். அதே வலிப்பு.

“அண்ணே, சாவி! சாவியக் குடுங்கண்ணே!” என்று ஒருவன் கத்தினான்.

“சாவிய வண்டியிலயே விடு மாப்ள, அதுக்குத்தான் அது வேணும். எதுக்கு இம்புட்டுக் கூட்டம்? தள்ளுங்கப்பா, காத்து வரட்டும்!”

ஜெபராஜின் குரல். அவளை நிழலில் ஒருக்களித்துப் படுக்கவைத்தார். வாயில் எதையும் வைக்கவிடவில்லை. ஈரத்துணிகளால் உடலைக் குளிரவைத்தார். ஒருவரை 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடத்தில் வலிப்பு நின்றது. ஆம்புலன்ஸ் வரும்போது அவள் கண் திறந்தாள்.

“எஞ் சைக்கிள் எங்கண்ணே?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஓராண்டுக்குப் பின்.

என் மகள் திரும்பவில்லை. ஆனால் நான் கேட்டதைக் கர்த்தர் தந்தார். அதில் எனக்கு ஐயமில்லை. அன்பர்களே, துக்கத்தின் நடுவிலும் அவரிடம் கேளுங்கள். பெற்றதைக் கைகளால் செய்து பழகுங்கள்.

இன்னும் செய்யாதவை:
மூன்று தலைவர்களுக்குப் பயிற்சி.
தண்ணீர் வண்டிக்குக் கூடுதல் துணிகள்.
எஸ்தரின் முதுகுப்பையைத் திறப்பது.
மருத்துவமனையில் எஸ்தரின் கையிலிருந்து எடுத்த ஜெபராஜின் சாவி இன்னும் என் மேசையில் இருக்கிறது. ஞாயிறு அன்று அவர் கையில் கொடுப்பது.